காற்றாலை வேண்டும், காற்று வேண்டாமா?

கேள்வி: எங்கள் 25-ஆவது திருமண நாளுக்காகக் கிரேக்கத் தீவுகளுக்குப் போகிறோம். ஜூலை 28 இரவு ஏதென்ஸ். அப்புறம் மிக்கோனோஸ், பாரோஸ், நாக்ஸோஸ், சாண்டோரினி என்று நான்கு தீவுகளில் இரண்டிரண்டு இரவு. ஆகஸ்ட் 6 காலை சாண்டோரினியிலிருந்து அதிவேகப் படகில் ஏதென்ஸின் பிரேயஸ் துறைமுகம், அன்று மாலையே ஊருக்கு விமானம். மிக்கோனோஸ் காற்றாலைகளுக்கு முன்னால் பட்டுச்சேலையில் நின்று படம் எடுக்க வேண்டும் என்பது மனைவியின் நெடுநாள் ஆசை. போய்வந்த நண்பர் ஒருவர், 'அந்த மாதத்தில் காற்று பிய்த்து எடுக்கும்' என்று பயமுறுத்துகிறார். பயண ஏற்பாட்டாளரோ, 'ஒரு சொட்டு மழை கிடையாது, வெயிலும் 29 டிகிரிதான், இதைவிட நல்ல பருவம் எது?' என்கிறார். யாரை நம்புவது?
– ஒரு வாசகர், உடுமலைப்பேட்டை

பதில்: இருவரையும் நம்புங்கள். மழை வராது, 29 டிகிரியும் சரிதான். காற்றும் பிய்த்து எடுக்கும். ஏற்பாட்டாளர் பொய் சொல்லவில்லை. பாதியோடு நிறுத்திக்கொண்டார், அவ்வளவுதான்.

திரும்பிய பக்கமெல்லாம் காற்றாலை நிற்கிற ஊரிலிருந்து இந்தக் கேள்வி வந்ததுதான் எனக்கு ஆச்சரியம். மிக்கோனோஸில் அந்த ஆலைகளை யாரும் படம் பிடிப்பதற்காகக் கட்டவில்லை. தானியம் அரைக்கக் கட்டினார்கள். கடலோர மேட்டில் வரிசையாக நிறுத்தினார்கள் என்றால், அங்கே காற்றுக்குப் பஞ்சமில்லை என்று அர்த்தம். பின்னணியில் காற்றாலை வேண்டும், காற்று மட்டும் வரக்கூடாது என்றால் எப்படி?

அந்தக் காற்றின் பெயர் மெல்டெமி. பழைய கிரேக்கர்கள் இதை 'ஆண்டுதோறும் வருவது' என்ற பொருளில் எதேசியன் காற்று என்று அழைத்தார்கள். மே, ஜூனில் எட்டிப்பார்க்கும், ஜூலையிலும் ஆகஸ்டிலும் முழு வேகம் எடுக்கும், செப்டம்பரில் தணியும். நீங்கள் போகும் தீவுகள் இருக்கிற ஏஜியன் கடலில் வடக்கிலிருந்து தெற்கே இறங்கி வரும். மாசிடோனிய மன்னன் பிலிப்பு இந்தக் காற்றுக் காலத்தையோ குளிர்காலத்தையோ பார்த்துத்தான் கைவரிசை காட்டுகிறான், அப்போது நம் கப்பல்கள் அங்கே போய்ச் சேர முடியாது என்று அவனுக்குத் தெரியும் என்று ஏதென்ஸ் மக்களிடம் அந்த ஊர்ப் பேச்சாளர் டெமோஸ்தனிஸ் பேசி 2,300 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. படையெடுக்கிறவன் பார்த்த காலண்டரைச் சுற்றுலா போகிறவர் பார்க்காமல் விடலாமா?

இன்னொன்று. உங்கள் பயணத் தேதிகள் அத்தனையும் ஆடி மாதத்தில் விழுகின்றன. அம்மி பறக்கிறதாகச் சொல்வோமே, அதே ஆடி. இது தற்செயல் இல்லை. நம் பருவமழைக் காலத்தில் வடமேற்கு இந்தியா, பாகிஸ்தான் பக்கம் உருவாகும் தாழ்வழுத்தம் ஈரான் வழியாகத் துருக்கி வரை நீண்டு கிடக்கும். பால்கன் பக்கம் உயரழுத்தம். இரண்டுக்கும் இடையிலுள்ள வித்தியாசம்தான் ஏஜியன் கடல் மேல் காற்றாக ஓடுகிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக உங்கள் ஊருக்கு வரும் காற்றுக்கு இது தூரத்து உறவு என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இதன் குசும்பு என்னவென்றால், மேகமே இல்லாமல் வீசும். வானம் கழுவிவிட்டது போல நீலமாக இருக்கும். உங்கள் கைபேசியில் மஞ்சள் சூரியன் பல்லைக் காட்டும். தீவுக்காரர்கள் வானத்தைப் பார்ப்பதில்லை. 'இன்றைக்கு எத்தனை போஃபோர்?' என்றுதான் கேட்டுக்கொள்கிறார்கள். காற்றின் வேகத்தை எண்ணால் குறிக்கும் பியூஃபோர்ட் அளவைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். 4, 5 என்றால் சட்டை படபடக்கும். 7 என்றால் மணிக்கு 50 கிலோமீட்டருக்கு மேல். அந்த நிலையில் முதலில் நிற்பது உங்கள் திட்டத்தில் இருக்கிற அதிவேகப் படகுகள்தான். இன்னும் ஏறினால் துறைமுகக் காவலர்கள் பெரிய கப்பல்களையும் நிறுத்துவார்கள். 'அபகோரெஃப்திகோ' என்பார்கள், தடை என்று பொருள். அந்தச் சொல்லை மட்டுமாவது மனப்பாடம் செய்துகொண்டு போங்கள்.

நான் அந்தச் சொல்லைக் கற்றுக்கொண்டது நாக்ஸோஸில். இரண்டு நாள் மாட்டிக்கொண்டேன். எதிரே அப்பல்லோ கோயிலின் தனி வாசல் வெயிலில் ஜொலிக்கிறது. அங்கே போகிற கல்பாதையை அலை தாண்டித் தாண்டி அடிக்கிறது. காபிக் கடையில் எல்லோரும் சாவகாசமாகச் சீட்டாடுகிறார்கள். துறைமுகத்தில் பெட்டியோடு முழித்துக்கொண்டு நின்றது என்னைப் போன்ற வெளியூர்க்காரர்கள் மட்டும்தான்.

ஆகவே, சரி, காற்றை விடுங்கள். உங்கள் பயணத்தில் கோளாறு எங்கே தெரியுமா? ஆகஸ்ட் 6-இல். காலையில் படகு, மாலையில் கண்டம் தாண்டும் விமானம். படகு ரத்தானால் படகுச் சீட்டின் காசு திரும்பி வரும். தனியாக எடுத்த விமானச் சீட்டின் காசை யார் தருவார்? கடைசி இரவு ஏதென்ஸில்தான் இருக்க வேண்டும். ஐந்தாம் தேதியே தீவை விட்டுக் கிளம்பிவிடுங்கள், நான்காம் தேதி என்றால் இன்னும் நிம்மதி. ஒன்பது இரவில் நான்கு தீவு, ஐந்து கடல் பயணம் என்பது காற்றே இல்லாத ஊரிலும் பைத்தியக்காரத்தனம். இரண்டு தீவு போதும். பாரோஸையும் சாண்டோரினியையும் விட்டுவிட்டு மிக்கோனோஸ், நாக்ஸோஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். மனைவியின் படமும் கிடைக்கும், நிதானமும் கிடைக்கும். சீட்டு எடுக்கும்போது பெரிய கார் ஏற்றும் கப்பலாகப் பாருங்கள். பிரேயஸிலிருந்து நாக்ஸோஸுக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகும், ஆகட்டுமே. குமட்டலும் குறைவு, ரத்தாகும் வாய்ப்பும் குறைவு.

கடற்கரையைப் பொறுத்தவரை, வடக்குக் காற்று என்பதால் தெற்கு பார்த்த கரை பொதுவாக நல்லது. மிக்கோனோஸில் ஓர்னோஸ், பிளாட்டிஸ் யாலோஸ் போன்றவை தெற்கில் இருக்கின்றன. வடக்கிலுள்ள ஃப்டெலியா பாய்மரப் பலகை ஓட்டுகிறவர்களின் சொர்க்கம், உங்களுக்கு வாய் நிறைய மணல். ஆனால் தெற்குக் கரையில் கடல் தகடு போல இருக்கிறதே என்று காற்றடைத்த மெத்தையில் படுத்துவிடாதீர்கள். காற்று அங்கே கரையிலிருந்து கடலை நோக்கி வீசும். கண் அயர்ந்தால் மெத்தை கிளம்பிவிடும். மலைத் தீவுகளில் காற்று சரிவில் இறங்கும்போது வேகம் கூடுவதும் உண்டு.

தேதியை மாற்ற முடியுமானால் செப்டம்பர் பின்பாதிக்கு மாற்றுங்கள். காற்று அடங்கியிருக்கும், கடல் வெதுவெதுப்பாகவே இருக்கும், கூட்டமும் குறைவு. தேதி மாறாது, காற்றும் ஆகாது என்றால் மேற்கே அயோனியன் கடலில் கோர்ஃபு, கெஃபலோனியா இருக்கின்றன. மெல்டெமியின் உபத்திரவம் அங்கே இல்லை. காற்றாலைப் படம்தான் கிடைக்காது. ஆகஸ்ட் 15-ஐ ஒட்டித் தள்ளிப்போடுவது மட்டும் வேண்டாம். அன்று மாதாவின் பெருவிழா. கிரேக்கமே கப்பலில் ஏறியிருக்கும்.

மாற்ற மாட்டேன் என்று போனாலும் குறை சொல்ல மாட்டேன். ஏதென்ஸ் 35 டிகிரியில் வேகும் நாளில் தீவில் விசிறி இல்லாமல் தூங்கலாம், அந்தக் காற்றின் புண்ணியம். சேலைப் படத்தைக் காலை ஏழு மணிக்கே எடுத்துவிடுங்கள். பிற்பகலில்தான் காற்று உச்சத்துக்குப் போகும், விடியலில் கொஞ்சம் மூச்சு வாங்கும். வாங்காத நாளும் உண்டு. ஊக்கு இங்கேயிருந்தே ஒரு டஜன் எடுத்துப் போகச் சொல்லுங்கள்.