உப்பும் வெண்ணெயும் மட்டும்தானா? – கடிதம்

அன்புள்ள அண்ணனுக்கு,

நியூஜெர்ஸியில் வேலை பார்க்கிறேன். அடுத்த மாதம் அலுவலக நண்பர்கள் புரூக்ளினில் இருக்கும் பீட்டர் லூகர் ஸ்டேக்ஹவுஸுக்கு, அதாவது தடித்த மாட்டுக்கறித் துண்டைச் சுட்டுத் தரும் கடைக்கு, கூப்பிடுகிறார்கள். 1887-லிருந்து நடக்கும் கடையாம். மாட்டுக்கறி எனக்குப் புதிதில்லை, ஊரில் பீஃப் சுக்கா சாப்பிட்டு வளர்ந்தவன்தான். ஆனால் வீடியோக்களில் பார்த்தால் வெறும் உப்பும் வெண்ணெயும், உள்ளே சிவப்பு, தட்டில் ரத்தம். இதில் சமையல் என்று என்ன இருக்கிறது? நன்றாக வேகவைத்துத் தரச் சொன்னால் சிரிப்பார்களா?

கே.

அன்புள்ள கே.,

முதலில் அந்த ரத்தத்தை முடித்துவிடுவோம். மாட்டை அறுக்கும்போதே ரத்தம் வடிந்துவிடும். தட்டில் ஓடுவது கறியிலிருக்கும் நீர்தான், மயோகுளோபின் என்ற புரதம் கலந்திருப்பதால் சிவப்பாகத் தெரிகிறது. அதோடு உருகிய வெண்ணெயும் கொழுப்பும். தட்டின் ஒரு பக்கத்துக்கு அடியில் சின்னத் தட்டைக் கவிழ்த்து முட்டுக்கொடுத்து, சாறெல்லாம் ஒரு மூலைக்கு வரும்படி சாய்த்து வைப்பார்கள். துண்டை அதில் தோய்த்துச் சாப்பிட வேண்டும். விட்டுவிடாதீர்கள்.

சமையல் என்ன இருக்கிறது என்ற கேள்வி நியாயமானதுதான். அடுப்பில் பெரிதாக ஒன்றுமில்லை, மேலிருந்து கடும் நெருப்பு, உப்பு, வெண்ணெய், அவ்வளவே. என்னைக் கேட்டால் அது கறி வாங்கத் தெரிந்தவர்களின் கடை. பழைய முதலாளி பீட்டர் லூகர் 1941-ல் இறந்த பிறகு கடை நொடித்துப் போய், 1950-ல் ஏலத்துக்கு வந்தது. எடுத்தவர் சால் ஃபோர்மன், எதிரே உலோகச் சாமான் செய்யும் தொழிற்சாலை வைத்திருந்தவர், அந்தக் கடையின் நெடுநாள் வாடிக்கையாளர். கறி பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் சாப்பிட மட்டும்தான். அவர் மனைவி மார்ஷா, ஓய்வு பெற்ற இறைச்சித் தர ஆய்வாளர் ஒருவரைப் பிடித்து அவரோடு மொத்தச் சந்தைகளில் அலைந்து தொழில் கற்றுக்கொண்டார். ஆண்கள் மட்டும் புழங்கிய குளிர்க்கிடங்குகளில் நுழைந்து, தொங்கும் கறியில் நிறம் என்ன, கொழுப்பு இழை எப்படி ஓடுகிறது என்று பார்த்துப் பொறுக்குவார். நம் ஊர்க் கறிக்கடையில் ஞாயிற்றுக்கிழமை காலை நின்று "அது வேணாம், இந்தப் பக்கம் போடுங்க" என்று அதட்டுகிற அம்மாக்கள் இல்லையா, அதே கண்தான். அப்புறம் மகள்கள், பேத்தி என்று அந்த வேலை வீட்டுப் பெண்கள் கையிலேயே தொடர்ந்தது.

அப்படிப் பொறுக்கிய, பிரைம் எனும் அமெரிக்க முதல் தரக் கறியை உடனே சமைத்துவிட மாட்டார்கள். உறைநிலைக்குச் சற்று மேலே, காற்றோடும் அறையில் வாரக்கணக்கில் காயவிடுவார்கள். கறியிலேயே இருக்கும் நொதிகள் தசைநாரை இளக்கும், தண்ணீர் வற்றி ருசி திரளும், வெளியே இறுகிப் போனதைச் செதுக்கி எறிவார்கள். எடையில் கணிசமான பகுதி இப்படியே போய்விடும். விலை ஏன் அப்படி இருக்கிறது என்பதற்கு இது ஒரு காரணம், எல்லாக் காரணமும் இதுவல்ல.

சுக்காவுக்குப் போடுவது பெரும்பாலும் ஓடியாடி உழைத்த தசை, அதற்கு நேரமும் மசாலாவும் வேண்டும். அங்கே நீங்கள் சாப்பிடப்போகும் போர்ட்டர்ஹவுஸ், முதுகின் பின்பகுதியில் அதிகம் உழைக்காத இடம். டி வடிவ எலும்புக்கு ஒரு புறம் ஸ்ட்ரிப் என்ற முதுகுத் தசை, மறுபுறம் டெண்டர்லாயின் என்ற மிக மென்மையான தசை. இதை முழுக்க வேகவிட்டால் சாறு போய், குறிப்பாக டெண்டர்லாயின் பக்கம் சக்கையாகிவிடும். கேட்டால் தருவார்கள், சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும், ஆனால் காசு உங்களுடையது. மீடியம், அதாவது நடுத்தர வேக்காடு என்று சொல்லுங்கள், உள்ளே இளஞ்சிவப்போடு நின்றுவிடும்.

நண்பர்களின் பெருமையையும் அப்படியே நம்ப வேண்டாம். 2019-ல் நியூயார்க் டைம்ஸ் விமர்சகர் பீட் வெல்ஸ் அந்தக் கடைக்கு ஒரு நட்சத்திரம்கூடத் தராமல் கிழித்துத் தொங்கவிட்டார், 2022-ல் மிஷலின் உணவக வழிகாட்டி தந்திருந்த நட்சத்திரமும் போனது. போ டை கட்டிய பரிமாறுபவர்களின் வெடுக்குப் பேச்சு ஊரறிந்தது, சிலருக்கு அதுவே பிடித்திருக்கிறது, எனக்குப் பழமை என்பதற்காக அதை ரசிக்கத் தோன்றுவதில்லை. கறியைப் பற்றிச் சொல்வதென்றால், நல்ல கறி இன்று பல இடங்களில் கிடைக்கிறது. 1950-களில் மார்ஷாவுக்கு இருந்த அனுகூலம் இப்போது அவ்வளவு இல்லை.

இருந்தாலும் போங்கள். கிரெடிட் கார்டு வாங்கும் வழக்கம் இல்லாத கடை, ரொக்கமோ அமெரிக்க டெபிட் கார்டோ எடுத்துப் போங்கள். தலைக்கு ஒரு ஸ்டேக் என்று சொல்லிவிடாதீர்கள், நால்வருக்கு மூவர் அளவு போதும். தடித்த பேக்கன் (உப்பிட்டுப் பதப்படுத்திய பன்றிக்கறி) துண்டு ஒன்று முதலில் சொல்லிப் பாருங்கள். கடையின் சொந்த சாஸ் புளிப்பும் இனிப்புமாக மேசையிலேயே இருக்கும், அதை அங்கே கிடைக்கும் தக்காளி வெங்காயத் துண்டுகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள், கறியில் ஊற்றாதீர்கள்.