மூடிய ஹெலிடெக்கில் கன்டெய்னர் வைக்கலாமா?

உங்கள் பணியாளர் தங்கும் கப்பலில் ஹெலிடெக்கை, அதாவது ஹெலிகாப்டர் இறங்கும் தளத்தை, நிரந்தரமாக மூடிவிட்டார்கள், அங்கே கன்டெய்னர் வைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். அவசரப்படாதீர்கள்.

முதலில் அந்த வெள்ளை 'எச்' எழுத்து. மங்கலாகத் தெரிந்தால்கூட ஒரு விமானி நம்பி இறங்கிவிடலாம். அதை முழுதாக அழியுங்கள். ஓரத்துப் பச்சை விளக்குகளையும் துண்டியுங்கள். அதுவரை 4 மீட்டர் சதுரச் சிவப்புத் துணியில் மஞ்சள் பெருக்கல் குறி போட்டு விரித்துக் கட்டுங்கள்; இறங்கக் கூடாது என்பதற்கான குறி அது.

அப்புறம் பாரம். தளம் ஹெலிகாப்டர் இறங்கும் அதிர்வைத் தாங்கக் கட்டியது. கன்டெய்னரின் நான்கு மூலைகள் மாதக்கணக்கில் ஒரே இடத்தை அழுத்துவது வேறு கணக்கு. அவ்வளவு உயரத்தில் எடை ஏறினால் கப்பலின் நிலைத்தன்மையும் குறையும். கிளாஸ் சர்வேயர் (கப்பலின் கட்டமைப்பைச் சோதித்துச் சான்று தரும் நிறுவனத்தின் ஆய்வாளர்) எழுத்தில் ஒப்புக்கொள்ளாமல் ஒரு பெட்டிகூட ஏற்றாதீர்கள்.

ஆட்கள் அங்கே நடமாடப் போகிறார்கள் என்றால் கைப்பிடிக் கம்பி கட்டாயம் வேண்டும். தவறி விழுபவரைத் தாங்கத் தளத்தின் ஓரத்தில் கட்டியிருக்கும் வலை அதற்கு ஈடாகாது.