இலையில்லாமல் பூத்த மரம் எது?

கேள்வி: வசந்தத்தில் இலையெல்லாம் கொட்டி, மரம் முழுக்க இளஞ்சிவப்புப் பூ. மந்தாரையா, கிளைரிசிடியாவா, வேறா? எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: நிறத்தை நம்பாதீர்கள், முதலில் உதிர்ந்த பூவை எடுத்துப் பாருங்கள். தனித்தனி இதழ்களாக இல்லாமல், எக்காளம் போல ஒரே குழலாக முழுசாக விழுந்திருந்தால் அது பெரும்பாலும் இளஞ்சிவப்பு தபேபுயா. புதிதாக விரிந்த பூவின் தொண்டை மஞ்சளாக இருக்கும். பூ முதிர முதிர வெளுத்துவிடும். ஒரே கொத்தில் இரண்டையும் பார்க்கலாம், அழகான அடையாளம் அது!

மந்தாரைக்கு ஐந்து இதழ்களும் தனித்தனி. கிளைரிசிடியா பூ அவரைப்பூவின் சாயல்.

பூ எட்டவில்லையா? மொட்டைக் குச்சி ஒன்றே போதும். இலை உதிர்ந்த தழும்புகள் கணுவில் எதிரெதிராக இருந்தால் தபேபுயா. மற்ற இரண்டிலும் பொதுவாக மாறி மாறி வரும்.

அப்படியும் சந்தேகம் இருந்தால் தளிர் வரும்வரை பொறுங்கள். ஒரே காம்பின் நுனியில் விரல்கள் போல ஐந்து சிற்றிலைகள், நடுவில் உள்ளது பெரிது என்றால் தபேபுயாதான். மந்தாரை இலை நுனியில் இரண்டாகப் பிளந்திருக்கும். கிளைரிசிடியாவில் நடுக்காம்பின் இருபுறமும் சிற்றிலைகள், நுனியில் ஒன்று.

பலர் பூவை மட்டும் தூரத்திலிருந்து படமெடுத்துப் பெயர் கேட்கிறார்கள். அதில் இந்த வித்தியாசம் எதுவும் தெரியாது. பூவின் பக்கவாட்டுத் தோற்றம், கணு, பட்டை, காய் நான்கையும் கிட்டத்தில் எடுங்கள். தபேபுயா காய் மெல்லிய குச்சி போல ஓரடி வரை நீளும். வெடித்தால் சிறகுள்ள விதைகள் பறக்கும்.