வீழ்படிவும் அயனிச் சமன்பாடும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: லெட் நைட்ரேட், பொட்டாசியம் அயோடைடு வினைக்கு முழுச் சமன்பாடு சரியாக எழுதிவிடுகிறேன். அயனிச் சமன்பாட்டில் மட்டும் மதிப்பெண் போகிறது. எதை அடிப்பது, எதை விடுவது? (பிளஸ் ஒன் மாணவி, கரூர்)

பதில்: அடிப்பதில் தவறு நேர்வது குறைவு. அதற்கு முன்னால் பிரிக்கிறீர்களே, அங்கேதான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள்.

முழுச் சமன்பாட்டைச் சமன்செய்து, ஒவ்வொரு பொருளின் பக்கத்திலும் கரைசலா, திண்மமா என்று குறித்துவிடுங்கள். லெட் நைட்ரேட் 1, பொட்டாசியம் அயோடைடு 2. கிடைப்பது லெட் அயோடைடு 1 (திண்மம்), பொட்டாசியம் நைட்ரேட் 2. கரைசலில் உள்ள வலிமையான மின்பகுளிகளை (நீரில் முழுதும் அயனிகளாகப் பிரிபவற்றை) மட்டுமே அயனிகளாகப் பிரிக்க வேண்டும். வீழ்படிவாக, அதாவது கரையாத திண்மமாக அடியில் படியும் மஞ்சள் லெட் அயோடைடை அப்படியே விடுங்கள். பொட்டாசியம் அயனி 2, நைட்ரேட் அயனி 2 இருபுறமும் மாறாமல் நிற்கின்றன. இந்தப் பார்வையாளர் அயனிகளை அடித்தால் மிஞ்சுவது:

லெட் அயனி (2+) + 2 அயோடைடு அயனி (1−) → லெட் அயோடைடு (திண்மம்)

இடப்புற மின்சுமையைக் கூட்டிப் பாருங்கள்: +2, −2, ஆக 0. வலப்புறமும் 0. இந்தக் கூட்டலைச் செய்யாமல் விடைத்தாளை மூடாதீர்கள்.

லெட் நைட்ரேட் வாய்பாட்டில் அடைப்புக்குறிக்கு வெளியே கீழே நிற்கும் 2, பிரிக்கும்போது நைட்ரேட்டுக்கு முன்னால் வர வேண்டும். நைட்ரேட்டுக்குள் இருக்கும் 3ஐத் தொடக் கூடாது. அதேபோல அயோடைடின் 2ஐ முன்னால் போடாமல் கீழே எழுதினால் அது அயோடின் மூலக்கூறு, வேறு பொருள். அசிட்டிக் அமிலம் கரைசலில்தான் இருக்கிறது, ஆனாலும் வலிமை குறைந்தது, அதைப் பிரிக்காதீர்கள்.

கேள்வி: லெட் நைட்ரேட், பொட்டாசியம் அயோடைடு இரண்டு கரைசலும் 0.1 மோலார் (லிட்டருக்கு 0.1 மோல்). ஒவ்வொன்றிலும் 10 மி.லி. கலந்து வடிகட்டிய பிறகும், வடிநீரில் அயோடைடு விட்டால் மறுபடி மஞ்சளாகிறதே? (ஆசிரியர், தென்காசி)

பதில்: அளவு போதவில்லை. 10 மி.லி. லெட் நைட்ரேட்டில் 1 மில்லிமோல் லெட் இருக்கிறது. அதற்கு 2 மில்லிமோல் அயோடைடு, அதாவது 20 மி.லி. வேண்டும். நீங்கள் விட்டது பாதிதான். முழுதாக வினைபுரிந்தால் சுமார் 0.46 கிராம் வீழ்படிவு கிடைக்கும். அதற்காகச் செறிவான பொட்டாசியம் அயோடைடை அள்ளி ஊற்றிவிடாதீர்கள்: வந்த மஞ்சள், மேலும் அயோடைடு சேர்ந்த அணைவு அயனியாகி மறுபடி கரைந்துவிடும். லெட் நச்சு என்பதால் கழிவைத் தொட்டியில் கொட்டாமல் தனிப் புட்டியில் சேர்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: குளோரைடு சோதனையில் சில்வர் நைட்ரேட்டுக்கு முன் ஏன் நைட்ரிக் அமிலம்? ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஆகாதா?

பதில்: ஆகாது. அதிலேயே குளோரைடு இருக்கிறது. எந்த உப்பை எடுத்தாலும் வெள்ளை வீழ்படிவு வந்துவிடும். நைட்ரிக் அமிலத்தின் வேலை கார்பனேட்டை விரட்டுவது. கார்பனேட் மிஞ்சினால் சில்வர் கார்பனேட்டும் வீழ்படிவாகிக் குழப்பும். துளித்துளியாக விட்டு, நுரைப்பு நின்ற பிறகு சில்வர் நைட்ரேட்டைச் சேருங்கள். குழாய் நீரில் உப்பைக் கரைத்தாலும் இதே ஏமாற்றம்தான், அதிலும் குளோரைடு உண்டு. வாலை வடிநீரையே பயன்படுத்துங்கள்.

கேள்வி: சோடியம் குளோரைடையும் பொட்டாசியம் நைட்ரேட்டையும் கலந்தால் அயனிச் சமன்பாடு என்ன? எல்லாமே அடிபட்டுப் போகிறது.

பதில்: அப்படியானால் வினையே இல்லை, அதையே விடையாக எழுதலாம். இதற்கு நேர்மாறானது பேரியம் ஹைட்ராக்சைடு, கந்தக அமில வினை. பேரியம் சல்பேட் படிகிறது, ஹைட்ரஜன் அயனியும் ஹைட்ராக்சைடு அயனியும் சேர்ந்து நீராகின்றன, அடிக்க ஒன்றும் மிஞ்சாது. கரைசலில் மின்வாய்களை வைத்துச் சிறு பல்பை இணைத்து அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். வினை முடியும் புள்ளியில் கரைசலில் அயனிகள் தீர்ந்துபோவதால் பல்பு அணைந்து, அமிலம் மிகுந்ததும் மறுபடி எரியும்.