'இயன்றவரை' என்ற சொல்

வணக்கம் சார்,

நர்மதை பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். நான் கொளத்தூர்க்காரன். மேட்டூர் அணை கட்டியபோது முழுகிய ஊரிலிருந்து மேடேறி வந்த குடும்பம் எங்களுடையது. ஒரு வளர்ச்சி வங்கி, பெரிய அணைகளுக்குக் கடன் தரும் கொள்கையைத் திருத்துகிறதாம். வரைவை வெளியிட்டுப் பொதுமக்களிடம் கருத்துக் கேட்டிருக்கிறது. நண்பர் ஒருவர் அனுப்பிவைத்தார். எண்பது பக்கம், எல்லாம் ஆங்கிலம். முடிவை எடுத்துவிட்டு ஒப்புக்குக் கேட்கிறார்கள் என்றுதான் தோன்றுகிறது. உலக வங்கி விலகிய பிறகும் நர்மதையில் சர்தார் சரோவர் அணையைக் கட்டி முடித்துவிட்டார்கள்தானே? இதற்கெல்லாம் உட்கார்ந்து எழுதுவதில் பயன் உண்டா?

செல்வம்

அன்புள்ள செல்வம்,

உண்டு. எழுதுங்கள்.

உங்கள் சந்தேகம் நியாயமானதுதான். சர்தார் சரோவருக்கு 45 கோடி டாலர் கடன் தர உலக வங்கி 1985இல் ஒப்புக்கொண்டது. நர்மதைக் கரை மக்கள் விடாமல் எதிர்த்ததால், 1991இல் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் முன்னாள் தலைவர் பிராட்ஃபோர்டு மோர்ஸ் தலைமையில் ஒரு தனிக்குழுவை வங்கியே அமைத்தது. அடுத்த ஆண்டு ஜூனில் அறிக்கை வந்தது. நீரில் போகவிருப்பவை 245 கிராமங்கள், குறைந்தது ஒரு லட்சம் பேர், அவர்களிடம் யாரும் முறையாகக் கலந்து பேசவே இல்லை, வங்கி இதிலிருந்து பின்வாங்கி யோசிக்க வேண்டும் என்றது அந்த அறிக்கை. 1993 மார்ச்சில் மீதிக் கடன் வேண்டாமென்று இந்திய அரசே சொல்லிவிட்டது. அணை வேலை அதோடு நிற்கவில்லை. 2017இல் திறப்பு விழாவும் நடந்தது.

ஆனால் அதே 1993 செப்டம்பரில் இன்னொன்று நடந்தது. அதை நான் போன கட்டுரையில் எழுதாமல் விட்டது தவறு. உலக வங்கி ஓர் ஆய்வுக் குழுவை உருவாக்கியது. வங்கிக் கடனில் நடக்கும் திட்டத்தால் பாதிக்கப்படுகிறவர்கள் அதனிடம் நேரடியாகப் புகார் கொடுக்கலாம். ஒரு அணை நல்லதா கெட்டதா என்று அந்தக் குழு தீர்ப்புச் சொல்லாது. வங்கி தன் கொள்கையில் தானே எழுதிவைத்ததைக் கடைப்பிடித்ததா, மீறியதா என்றுதான் பார்க்கும். எழுதிவைக்காத ஒன்றை மீறியதாக எப்படிப் புகார் கொடுப்பது? உங்களிடம் கருத்துக் கேட்கும் வங்கியிலும் இப்படியொரு புகார் வழி இருந்தால், உங்கள் கையில் இருக்கும் எண்பது பக்கத்தில் இன்று ஒரு சொல் தளர்ந்தாலே, பத்து வருடம் கழித்து ஏதோ ஒரு மலைக் கிராமத்தின் புகார் வாசலிலேயே திரும்பிவிடும்.

முதல் புகார் 1994இல் நேபாளத்திலிருந்து போனது. கிழக்கே அருண் நதியில் 201 மெகாவாட் மின்திட்டம், செலவு நூறு கோடி டாலருக்கு மேல். மறு ஆண்டு ஆகஸ்டில் வங்கி விலகிக்கொண்டது. அதே பெயரில் 900 மெகாவாட் திட்டத்தை இப்போது ஓர் இந்தியப் பொதுத்துறை நிறுவனம் அங்கே கட்டிவருகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். வேறு பணம் வரும்போது இந்தப் புகார் வழி கிடையாது. வழி இருக்கிற இடத்திலாவது அது பலமாக இருக்கட்டும் என்கிறேன்.

ஒரு சொல்லுக்கு இவ்வளவு பலமா என்று கேட்பீர்கள். பழங்குடிகள் பற்றிய உலக வங்கியின் 2005 கொள்கை, அவர்களோடு முன்கூட்டியே 'கலந்தாலோசிக்க' வேண்டும் என்றது. சமூகத்தின் பரவலான ஆதரவு வேண்டும் என்றும் சொன்னது; ஆனாலும் கலந்தாலோசிப்பது ஒப்புதல் பெறுவது ஆகாது. 2016 கொள்கையில் குறிப்பிட்ட சில நிலைமைகளுக்காவது அது 'ஒப்புதல்' என்று மாறியது. ஒப்புதல் என்றால் மாட்டோம் என்றும் சொல்லலாம். இடையில் 2014 வரைவில், பழங்குடிகளுக்கான அந்தப் பகுதியைத் தவிர்த்து வேறு வழியில் போக அரசுகளுக்கு இடம் கொடுக்கும் ஒரு பத்தி நுழைந்திருந்தது. பழங்குடி அமைப்புகள் உலகம் முழுக்க எதிர்த்து எழுதின, பேசின. அடுத்த வரைவில் அந்தப் பத்தி இல்லை. நீங்கள் ஒப்புக்குக் கேட்கிறார்கள் என்று சொல்லும் அதே வகைக் கருத்துக் கேட்பில் நடந்ததுதான் இது.

கருத்துக் கேட்பைக் கண்டு அரசுகள் பயப்படுவதற்கும் காரணம் இருக்கிறது. 1998இல், பெரிய அணைகளால் வந்த பலனையும் பாதிப்பையும் ஆராய அமைத்த உலக அணைகள் ஆணையம் தன் தெற்காசியக் கூட்டத்தை போபாலில் நடத்த இருந்தது. இந்தியா அனுமதிக்கவில்லை. கடைசியில் டிசம்பரில் கொழும்பில் நடந்தது. நர்மதையின் குறையைச் சொல்ல கடல் தாண்ட வேண்டியிருந்தது! அந்த ஆணையம் 2000இல் வெளியிட்ட அறிக்கைதான், பெரிய அணைகளால் உலகில் நான்கிலிருந்து எட்டுக் கோடிப் பேர் இடம்பெயர்ந்ததாகக் கணக்கிட்டது.

சரி, என்ன எழுதுவது? எண்பது பக்கத்துக்கும் பதில் எழுத வேண்டாம். 'இயன்றவரை', 'பொருத்தமான இடங்களில்' என்ற பொருளில் வரும் சொற்களைத் தேடி அடிக்கோடிடுங்கள். மீள்குடியேற்றம், தகவல் வெளியீடு, அணைப் பாதுகாப்பு ஆகிய பகுதிகளில் அவை எங்கெல்லாம் வருகின்றனவோ, பத்தி எண்ணைக் குறிப்பிட்டு, 'கட்டாயம்' என்று மாற்றச் சொல்லுங்கள். திட்ட ஆவணம் அந்த ஊர்க்காரர்களின் மொழியில், கடனுக்கு ஒப்புதல் தருவதற்கு முன்பே கிடைக்க வேண்டும் என்று கேளுங்கள். எழுத்துத் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்ட வேண்டும் என்பதையும் சேருங்கள்.

அப்புறம், உங்கள் குடும்பக் கதையை அதில் கட்டாயம் எழுதுங்கள். மேட்டூரில் நீர் இறங்கிய ஒரு கோடையில் நான் பண்ணவாடிக்கு வந்திருக்கிறேன். வெளியே தெரிந்த நந்தியின் முதுகில் சேறு காய்ந்து வெடித்திருந்தது. கூட வந்த பெரியவர் சற்றுத் தள்ளி வெறும் மண்ணைக் காட்டி, "இங்கதான் எங்க களம் இருந்ததுன்னு அப்பா சொல்லுவாரு" என்றார். அவர் பிறந்ததே அணை கட்டிய பிறகுதான். இடப்பெயர்வு எத்தனை தலைமுறைக்கு நீள்கிறது என்பது வரைவு எழுதுகிறவர்களுக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும்.

தமிழிலேயே எழுதி எனக்கு அனுப்புங்கள். கெடு முடிவதற்கு ஒரு வாரம் முன்னால் வந்தால் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துத் தருகிறேன்.

அன்புடன்