ஜிபிஎஸ் இல்லாத காலத்தில் எண்ணெய் தேடியவர்கள் பாலைவனத்தில் என்னதான் செய்தார்கள்?

பெரும்பாலும் நடந்தார்கள், அளந்தார்கள், வரைந்தார்கள். சவூதி அரேபியாவையே எடுத்துக்கொள்ளுங்கள். 1933 செப்டம்பரில் அமெரிக்க நிலவியலாளர்கள் ஜுபைலில் வந்து இறங்கியபோது தாடி வளர்த்து, அரபு உடை அணிந்திருந்தார்கள். கூடவே காவல் வீரர்கள், ஒட்டகங்கள். பாறை அடுக்கு எந்தப் பக்கம், எத்தனை பாகை சாய்கிறது என்று திசைகாட்டியால் அளந்து வரைபடத்தில் குறிப்பதே அன்றாட வேலை. அடுக்குகள் கவிழ்த்த கிண்ணம்போல் மேடாக வளைந்திருந்தால், அதன் உச்சியில் எண்ணெய் சிக்கியிருக்க வாய்ப்புண்டு. தம்மாமில் அப்படியொரு மேடு கண்ணுக்கே தெரிந்தது. மற்ற இடங்களில் எல்லாவற்றையும் மணல் மூடிக்கிடந்தது. 1934-இல் ஒரு சிறு விமானம் வந்தது; அதன் அடியில் துளை போட்டுப் படம் எடுத்தார்கள்.

திசை தெரிய? கமீஸ் பின் ரிம்தான் என்ற பெதூயின் வழிகாட்டி இருந்தார். என்னைக் கேட்டால், அவர்களிடம் இருந்த சிறந்த கருவி அவர்தான்.

கண்ணுக்குத் தெரிந்த தம்மாமும் லேசில் மசியவில்லை. முதல் கிணறுகள் ஏமாற்றின. தலைமை நிலவியலாளர் மேக்ஸ் ஸ்டைனெகி இன்னும் ஆழமாகத் தோண்டச் சொன்னார். 1938 மார்ச்சில், சுமார் 1,440 மீட்டர் ஆழத்தில், ஏழாம் எண் கிணறு பீறிட்டது.