அம்புலன்ஸ் உதவியாளர் சேட்டில் செஞ்சிலுவைச் சின்னம் தைத்துக்கொள்ளலாமா?

இரண்டு நாள் முதலுதவிப் பயிற்சி முடித்து, கொழும்பில் தனியார் அம்புலன்ஸ் ஒன்றில் சேர்ந்திருப்பதாகக் கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். தைக்காதீர்கள் தம்பி. துணிச்சின்னம் விற்கிற கடையில் யாரும் சான்றிதழ் கேட்கமாட்டார்கள். ஆனாலும் வேண்டாம்.

செஞ்சிலுவை வைத்தியத்தின் பொதுச் சின்னம் இல்லை. போர்க்களத்தில் 'இவரைச் சுடாதே' என்று காட்டுவதற்காக 1864இல் ஜெனீவாவில் ஒத்துக்கொண்ட அடையாளம். 1949 உடன்படிக்கைப்படி, சமாதான காலத்தில் அம்புலன்ஸில் அதைப் போட செஞ்சிலுவைச் சங்கத்தின் அனுமதி வேண்டும், சிகிச்சையும் இலவசமாக இருக்க வேண்டும். காசு வாங்கி ஓடும் வண்டிக்கு அது எங்கே பொருந்தும்? இலங்கையிலும் 2006இல் ஜெனீவா உடன்படிக்கைகள் சட்டம் வந்துவிட்டது. நான் சட்டத்தரணி இல்லை. படித்தவர்கள் யாராவது வந்து திருத்தினால் திருத்தட்டும்.

அப்படியென்றால் அம்புலன்ஸ்களில் இருக்கிற அந்த நீல நட்சத்திரம் என்பீர்கள். ஆறு கை, நடுவில் தடியைச் சுற்றிய ஒற்றைப் பாம்பு. அமெரிக்காவில் அம்புலன்ஸ்களில் இருந்த செம்மஞ்சள் சிலுவையை அங்குள்ள செஞ்சிலுவைச் சங்கம் ஆட்சேபித்ததால், 1970களில் அதற்குப் பதிலாக வந்தது. நோயாளியைக் கண்டறிவதில் தொடங்கி ஆஸ்பத்திரியில் ஒப்படைப்பது வரை, நட்சத்திரத்தின் ஒவ்வொரு கைக்கும் ஒரு வேலை. நானும் அம்புலன்ஸ் உதவியாளராக இருந்தவன், என் தோளில் இருந்தது அதுதான். அந்தப் பாம்பால் நான் பட்ட பாட்டைச் சொல்லத்தான் இந்தப் பதிலே.

2016இல் சுவசெரிய, அதாவது 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் இலவச அம்புலன்ஸ் சேவை, வருவதற்கு முந்திய காலம். வெள்ளவத்தையில் ஒரு மாடி வீடு, லிப்ட் இல்லை. அம்மா ஒருவர் கட்டிலில் வேர்த்து ஊற்றிக்கொண்டு, பேச்சு தடுமாறிக் கிடந்தார். சீனி வருத்தக்காரி. மகன் இன்சுலின் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார். "சீனி ஏறிப்போச்சு, கெதியா இதைப் போடுங்கோ." நான் தயங்கினேன். "தோளிலை பாம்பு குத்தியிருக்கிறியள், ஒரு ஊசி போடத் தெரியாதோ?"

உண்மையைச் சொல்கிறேன், ஊசியை வாங்கிவிட்டேன். வீடு நிறைய ஆட்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது எனக்குத் தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. எங்கள் சாரதி, சிங்களவர், வயதானவர், என் கையிலிருந்து அதைப் பிடுங்கி மேசையில் வைத்துவிட்டு, "மல்லி (தம்பி), தூக்கு" என்றார். அவ்வளவுதான். தூக்கினோம்.

ஆஸ்பத்திரியில் விரலில் குத்திப் பார்த்தார்கள். சீனி ஏறவில்லை, அடிமட்டத்துக்கு இறங்கியிருந்தது. வெள்ளிக்கிழமை விரதம், காலையில் வழக்கமான இன்சுலினைப் போட்டுக்கொண்டு அம்மா சாப்பிடாமல் இருந்திருக்கிறார். குளுக்கோஸ் ஏற்றக் கண் விழித்தார். அந்த வேர்வையும் தடுமாற்றமும் சீனி இறங்கியதன் அடையாளம் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். இன்னொரு ஊசி போட்டிருந்தால் ஆள் முடிந்திருப்பார்.

'நீ ஒருத்தன் பயந்ததற்காக எல்லோரையும் சொல்லாதே' என்று சிலர் வருவீர்கள். நன்றாகப் படித்து ஊசியும் மருந்தும் கொடுக்க அனுமதி பெற்றவர்கள் இருக்கிறார்கள், அவர்களைப் பற்றி இங்கே பேச்சே இல்லை. நான் சொல்வது இரண்டு நாள் பயிற்சிக்காரனைப் பற்றி. உங்களால் என்னென்ன செய்யலாம் என்று எழுத்தில் வாங்கி வையுங்கள். சேட்டில் உங்கள் பெயரும் 'முதலுதவியாளர்' என்ற சொல்லும் போதும்.

எழுத்து என்றதும் இன்னொன்று. எங்களுக்குத் தந்த சேட்டின் முதுகில் மூன்று மொழியிலும் அச்சடித்திருந்தார்கள். தமிழில் 'நோயாளர் காவு வண்டி' என்று வர வேண்டியது 'நோயாளர் சாவு வண்டி' என்று வந்திருந்தது. மற்ற இரண்டு மொழியிலும் ஒரு புள்ளி பிசகவில்லை! சேட்டுக்கான காசைச் சம்பளத்தில் வெட்டியும் இருந்தார்கள். பொறுப்பாளரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். ஒரு கறுப்பு மார்க்கரைத் தந்து, வளைவொன்று போட்டால் சரியாகிவிடும் என்றார். போட்டேன். இரண்டு தரம் தோய்த்தால் மை போய்விடும், மறுபடி சாவு. தமிழர் நிறைய இருக்கிற கொட்டாஞ்சேனைப் பக்கம் போகிற நாட்களில் மட்டும் மறக்காமல் வளைவைப் போட்டுக்கொண்டு போவேன்.